ராணியின் எடை மூன்றாவது வேலை

செந்தூலில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருப்பது இது. செகாம்புட் பக்கம் மூடிவிட்ட ஒரு பட்டறையின் பின்புறத்தில் பல வருடங்கள் சங்கிலியில் கிடந்த பெண் நாயை மீட்டு வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். லாப்ரடோர் கலப்பு, வயது ஏழோ எட்டோ இருக்கும், கருத்தடை செய்யப்படவில்லை, பெயர் ராணி. எடை 38 கிலோ. முதுகிலும் வாலிலும் முடி கொட்டியிருக்கிறது. காதில் நாற்றம், வளைந்துபோன நகங்கள், இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. "மூன்று நாள் பட்டினி போடு, பிறகு தினமும் திடலில் ஓடவிடு, தானாக இளைக்கும்" என்கிறார் அவருடைய அண்ணன். "பைரவருடைய வாகனம், பசியோடு முகத்தைப் பார்த்தால் எப்படிப் போடாமல் இருப்பது?" என்கிறார் மாமியார். ராணிக்கு எப்போதும் பசி என்றும் எழுதியிருக்கிறார். அவளை எப்படி இளைக்க வைப்பது என்பதுதான் முக்கியக் கேள்வி; பட்டறைக்காரர்மீது புகார் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்.

நான் மருத்துவர் அல்ல. கோலாலம்பூரில் கால்நடை கிளினிக்குகளில் உதவியாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள்; மீட்கப்பட்ட நாய்களை வேறு வீடு கிடைக்கும்வரை இன்றும் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: எடையைக் குறைப்பது ராணிக்குச் செய்ய வேண்டிய மூன்றாவது வேலை. முதல் வேலை, அந்தக் கொழுப்புக்கு அடியில் என்ன நோய் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இரண்டாவது, வலியைக் குறைப்பது. இந்த வரிசையை மாற்றினால் ஆபத்து. அண்ணன் சொன்ன யோசனையில் பட்டினி ராணியின் தசையைக் கரைக்கும், ஓட்டம் அவளைக் கொன்றேவிடக்கூடும். ஏன் என்று விளக்குகிறேன்.

கொழுத்த நாய் நன்றாக வளர்க்கப்பட்ட நாய் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. ராணிக்குச் சோறு கிடைத்தது, அவ்வளவுதான். இரவெல்லாம் கொசுக்கடி, உண்ணி, மழைச் சாரல், நடக்க மூன்றடிச் சங்கிலி. இப்படிப்பட்ட நாயின் உடலில் என்னென்ன இருக்கும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

முதலில் இதயப்புழு. கொசுக்கடி மூலம் பரவும் புழு இது. நாயின் நுரையீரல் இரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் வளர்ந்து ஐந்து முதல் ஏழு வருடம் வரை உயிரோடு இருக்கும். மலேசியாவில் வருடம் முழுவதும் கொசு உண்டு, எனவே வெளியே படுத்த நாய்க்கு வருடம் முழுவதும் வாய்ப்பு உண்டு. புழு உள்ள நாயை ஓடவிட்டால், இறந்த புழுக்களின் துண்டுகள் நுரையீரல் குழாய்களை அடைத்துக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. சிகிச்சை நடக்கும் மாதங்களில்கூட நாயை அமைதியாக வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். ஆக, இரத்தப் பரிசோதனை முடியும்வரை ராணிக்கு ஓட்டமே கூடாது. கடையில் விற்கும் மாதாந்திர இதயப்புழுத் தடுப்பு மாத்திரையையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரத்தத்தில் குட்டிப் புழுக்கள் நிறைய இருக்கும் நாய்க்கு அவை ஒரே நேரத்தில் இறப்பது அதிர்ச்சியை உண்டாக்கலாம்.

அடுத்தது உண்ணிக் காய்ச்சல். நம் ஊரின் பழுப்பு உண்ணி ஒன்றல்ல, பல கிருமிகளைச் சுமக்கிறது: எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, பபேசியா. நாள்பட்ட எர்லிக்கியா உள்ள நாய் பல மாதங்கள் பெரிதாக எதையும் காட்டாது. கொஞ்சம் சோர்வு, வெளிறிய ஈறு, எப்போதாவது மூக்கில் இரத்தம். குண்டாக இருப்பதால்தான் சோர்வு என்று நாம் நினைத்துக்கொள்வோம். சில சொட்டு இரத்தத்தில் இதயப்புழு, எர்லிக்கியா, அனாபிளாஸ்மா ஆகியவற்றை ஒன்றாகப் பார்க்கும் கருவி பெரும்பாலான கிளினிக்குகளில் இருக்கிறது, பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பபேசியாவுக்கு நுண்ணோக்கியில் இரத்தத்தைப் பார்க்க வேண்டும் அல்லது ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதையும் சேர்த்துக் கேளுங்கள். இதயப்புழுச் சோதனையில் இல்லை என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். கொசு கடித்து ஏறக்குறைய ஆறு மாதம் ஆன பிறகுதான் வளர்ந்த புழுவைச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

முதுகிலும் வாலிலும் முடி கொட்டியிருக்கிறது என்று நீங்கள் எழுதிய வரியில் எனக்குக் கொஞ்சம் கண் நின்றது. இரு பக்கமும் ஒரே அளவில் அரிப்பில்லாமல் கொட்டியிருந்தால், வால் எலிவால் போல ஆகியிருந்தால், தைராய்டு குறைபாடு இருக்கலாம். நடுவயது நாய்களுக்கு வருவது அது. குறைவாகச் சாப்பிட்டும் எடை ஏறும், குளிர்ந்த இடமாகப் பார்க்காமல் வெயிலைத் தேடிப் போய்ப் படுக்கும். அரிப்போடு இடுப்புப் பகுதியில் மட்டும் கொட்டியிருந்தால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். வயிறு தொங்கி, தோல் மெலிந்து, தண்ணீர் மிக அதிகமாகக் குடித்தால் அட்ரினல் சுரப்பியின் கோளாறான குஷிங் நோயை நினைக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் அளந்து தண்ணீர் வையுங்கள். கிலோவுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது ராணிக்கு 3.8 லிட்டருக்கு மேல் போனால் அது நிச்சயமாக மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

தைராய்டு சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. வேறு நோய் இருந்தாலும் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு தற்காலிகமாகக் குறைந்து காட்டலாம். உண்ணிக் காய்ச்சலோடு இருக்கும் நாயை அன்றே சோதித்து "தைராய்டு குறைவு" என்று வாழ்நாள் மாத்திரை தொடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். டி4 குறைவாக வந்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அளவையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். காய்ச்சல், தோல் தொற்று எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால் இன்னும் நல்லது.

பெரிய வயிறெல்லாம் கொழுப்பு அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். இதயப்புழு முற்றிய நாயின் வயிற்றில் நீர் கோர்க்கும். கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டும். பருவம் முடிந்த சில வாரங்களில் வருவது வழக்கம். அதிகத் தாகம், சாப்பாட்டில் வெறுப்பு, பின்பக்கம் நாற்றமடிக்கும் கசிவு. சில நேரம் கசிவே இருக்காது, அதுதான் இன்னும் மோசம். இது அன்றைக்கே அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை. முதல் நாள் பரிசோதனையில் வயிற்றை ஸ்கேன் செய்துவிட்டால் இந்தக் கவலைகள் பெரும்பாலும் தீரும். செலவு கையைக் கடித்தால் சில கிளினிக்குகளில் விலை விசாரியுங்கள். சிக்கலான வழக்குகளுக்கு செர்டாங்கில் உள்ள யூபிஎம் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. அம்பாங்கில் இருக்கும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏ சிலாங்கூரிலும் விசாரித்துப் பார்க்கலாம்.

கிளினிக்குக்குப் போகும் வழியில்கூட ஒரு கவனம். 38 கிலோ நாயை வயிற்றில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கெட்டியான பலகையைக் காரின் பின்கதவுக்குச் சாய்த்து, மேலே ரப்பர் விரிப்பைப் போட்டு ஏறவிடுங்கள். பயந்துபோன நாய்க்கு இது ஒரு நாளில் பழகாது. பலகையில் ஒரு துண்டு கோழியை வைத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

தோல், காது, நகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், காரணம் இவற்றில் செய்யக்கூடாதவைதான் அதிகம். சொறிக்குப் பழைய இன்ஜின் எண்ணெய் பூசும் வழக்கம் பட்டறைப் பக்கங்களில் இன்றும் இருக்கிறது. அது நஞ்சு, நாய் நக்கினாலும், தோல் வழியாக உறிஞ்சினாலும். ராணியின் மேல் ஏற்கெனவே அந்தக் கறுப்புப் படிந்திருந்தால் பாத்திரம் கழுவும் மென்மையான திரவம் கொண்டு ஒருமுறை கழுவி, பிறகு மருத்துவர் தரும் ஷாம்பூவுக்கு மாறுங்கள். சொறிக்கும் உண்ணிக்கும் இப்போது மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ மெல்லக் கொடுக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். காதில் எண்ணெய், பூண்டுச் சாறு, மஞ்சள் நீர் எதுவும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சாதாரண சொட்டு மருந்தே காதைச் செவிடாக்கிவிடலாம். நகத்தை ஒரே நாளில் குட்டையாக வெட்ட முடியாது, வளர்ந்த நகத்தோடு உள்ளே இரத்தக் குழாயும் நீண்டிருக்கும். வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்தால் குழாய் மெல்லப் பின்வாங்கும். கழுத்துச் சங்கிலி தோலுக்குள் பதிந்து புண்ணாகியிருக்கிறதா என்று முடியை விலக்கிப் பாருங்கள். கட்டிப் போடப்பட்ட நாய்களிடம் இது நான் முதலில் பார்க்கும் இடம்.

இனி வலி. படியேறும்போது மூச்சு வாங்குவது மட்டும்தான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. உட்காரும்போது ஒரு பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டுகிறதா, எழும்போது முன்னங்காலால் உடலை இழுத்து எழுகிறதா என்று பாருங்கள். இந்த வயதில், இந்த எடையில், இடுப்பு மூட்டும் முழங்காலும் தேய்ந்திருக்காவிட்டால்தான் வியப்பு. வலியுள்ள நாய் நடக்காது. நடக்காத நாயை அடம்பிடிக்கிறது என்பார்கள். இரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல் அளவுகளைப் பார்த்த பிறகு நாய்களுக்கான வலி மருந்து தருவார்கள், கார்புரோஃபென் அல்லது மெலோக்சிகாம். வீட்டில் இருக்கும் பனடோலையோ ஐபுபுரோஃபெனையோ எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். பின்னது நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும்.

மருந்துக்கு இணையாக உதவுவது தரை. நம் வீடுகளில் மார்பிளும் வழுவழுப்பான ஓடுகளும்தான். கனமான நாய் ஒவ்வொரு முறை எழும்போதும் கால் வழுக்கி விரிகிறது, ஒவ்வொரு முறையும் மூட்டு இழுபடுகிறது. படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம், பின்வாசல் வரை மலிவான யோகா விரிப்புகளைப் பாதையாகப் போடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் தடுக்கிக்கொள்வார்கள், சலித்துக்கொள்வார்கள். போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகுதான் தராசு.

38 கிலோ என்பதற்கு எதிரே எந்த எண்ணை வைப்பது? மருத்துவர்கள் 1 முதல் 9 வரை உடல்நிலை மதிப்பெண் போடுகிறார்கள். 4, 5 சரியானது, 5க்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுதல் எடை. ராணி 9இல் இருந்தால் அது சரியான எடையைவிடச் சுமார் 40 விழுக்காடு அதிகம், ஆக இலக்கு ஏறக்குறைய 27 கிலோ. வீட்டில் சரிபார்க்க உங்கள் கையே போதும். ஒரு கையை விரித்து, புறங்கையின் விரல் எலும்புகளை மற்றொரு கையால் தடவுங்கள்: விலா எலும்பு அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கையில் எலும்பைத் தேடுவதுபோல் அழுத்தித் தேட வேண்டியிருந்தால் இன்னும் கொழுப்பு இருக்கிறது.

உணவின் அளவைத் தீர்மானிக்க ஒரு கணக்கு உண்டு. இலக்கு எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி (எடை^0.75), வருவதை 70ஆல் பெருக்க வேண்டும். 27 கிலோவுக்குச் சுமார் 830 கிலோகலோரி வரும். அசையாமல் படுத்திருந்தாலே இவ்வளவு தேவை என்பது அதன் பொருள்; எடை குறைக்க இந்த அளவிலிருந்துதான் பலரும் தொடங்குவார்கள். இப்போதைய 38 கிலோவை வைத்துக் கணக்கிட்டால் கொழுப்புக்கும் சேர்த்துச் சோறு போடுவதாகிவிடும். சாதாரண உலர் உணவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கிலோகலோரி. அப்படியானால் நாளுக்கு 240 கிராமுக்கும் குறைவு. பையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து நீங்களே கணக்கிடுங்கள். குவளையால் அளக்காதீர்கள், சமையல் தராசில் கிராமாக நிறுங்கள். ஒருவர் குவளையைத் தட்டி நிரப்புவார், இன்னொருவர் குவித்து நிரப்புவார். ஒரே குவளையில் மாதக்கணக்கில் எடை குறையாமல் போனதற்கு இதுவே காரணமாக இருந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு சிக்கல். சாதாரண உணவைப் பாதியாக வெட்டினால் கலோரியோடு புரதமும் தாதுக்களும் பாதியாகும், நாய் கொழுப்போடு தசையையும் இழக்கும். பட்டினி போட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும். ராணிக்கு ஏற்கெனவே பின்னங்கால் தசை இருக்காது. அதனால் புரதமும் நாரும் அதிகமாக, கலோரி குறைவாகச் செய்யப்பட்ட எடைக்குறைப்பு உணவு, ராயல் கானின் சட்டைட்டி, ஹில்ஸ் மெட்டபாலிக் போன்றவை, விலை கூடுதலானாலும் முதல் சில மாதங்களுக்கு என் தேர்வு. பழைய உணவோடு கலந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். வீட்டில் சமைத்துத்தான் போடுவேன் என்றால் கோழியும் சோறும் மட்டும் முழு உணவு ஆகாது, சுண்ணாம்புச் சத்து உட்படப் பல குறையும். கால்நடை ஊட்டச்சத்து தெரிந்தவரிடம் எழுதி வாங்கிய செய்முறை வேண்டும்.

ராணிக்கு எப்போதும் பசி என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடிப்பு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். லாப்ரடோர் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, நிறைவு உணர்வைத் தூண்டும் பிஒஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். அதே குழு 2024இல் வெளியிட்ட தொடர் ஆய்வின்படி இந்த நாய்களுக்கு உணவு வேளைகளுக்கு இடையே பசி அதிகம், ஓய்வில் அவை எரிக்கும் ஆற்றலோ ஏறக்குறைய கால்பங்கு குறைவு. ராணியின் இரத்தத்தில் லாப்ரடோர் இருக்கிறது. அந்தப் பசி உண்மையாகவே இருக்கலாம். ஆகவே அதை அடக்குவதை விட்டுவிட்டு ஏமாற்றப் பாருங்கள். நாளுக்கான உணவை மூன்று வேளையாகப் பிரியுங்கள். வேகவைத்த பீன்ஸ், பூசணி, சுரைக்காய், தோல் சீவிய வெள்ளரிக்காய் கொஞ்சம் சேர்த்துப் பாத்திரத்தைப் பெரிதாகக் காட்டுங்கள். ஒரு வேளை உணவைப் பாத்திரத்தில் போடாமல் பழைய துண்டில் சுருட்டி வையுங்கள், மூக்கால் தேடி எடுக்கட்டும். பத்து நொடியில் விழுங்கியது பதினைந்து நிமிடம் பிடிக்கும். வருடக்கணக்கில் சங்கிலி நீளத்துக்குள் கிடந்த மூளைக்கும் அதில் வேலை உண்டு.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். பல வீடுகளில் எடைக்குறைப்பு தோற்பது இங்கேதான், அதற்குக் காரணம் அன்பு. ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கிலோகலோரி. ராணியின் முழு நாள் பங்கில் மூன்றில் ஒன்றுக்கு மேல். காலையில் அரை ரொட்டி, மாலையில் தேநீரோடு நான்கு மேரி பிஸ்கட், இரவில் அப்பளத் துண்டு, இவ்வளவு போனால் நீங்கள் கிராமாக நிறுத்ததெல்லாம் வீண். அவரைப் "போடாதீர்கள்" என்று சொல்வது நடக்காது. நாளுணவிலிருந்து 80 கிலோகலோரிக்கான பங்கை, அதாவது 20 கிராம் கொஞ்சம் கூட, காலையிலேயே ஒரு சிறு டப்பாவில் போட்டு மாமியாரின் கையில் கொடுத்துவிடுங்கள். பைரவரின் வாகனத்துக்கு அவர் கையால் எத்தனை முறை வேண்டுமானாலும் போடட்டும், டப்பா காலியாகும்வரை. அந்த டப்பாவுக்கு வெளியே எதுவும் இல்லை. இந்த ஒப்பந்தம் வயதானவர்களிடம் எனக்கு எப்போதும் எடுபட்டிருக்கிறது, ஏனென்றால் கொடுக்கும் உரிமை அவர்களிடமே இருக்கிறது.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நாளில் மட்டும் இது உடையும். வருகிறவர்கள் முறுக்கும் நெய்யுருண்டையும் மேசைக்குக் கீழே நீட்டுவார்கள், குழந்தைகள் கேட்கவே வேண்டாம். அன்று ராணி உள்ளறையில் இருக்கட்டும், பட்டாசுச் சத்தத்துக்கும் அதுவே நல்லது. கொழுப்பைத் தவிர வேறு ஆபத்துகளும் விருந்தில் உண்டு: குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும், கேசரியிலும் பாயசத்திலும் போட்ட உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம், வெந்த எலும்பு குடலைக் கிழிக்கலாம், சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் உள்ள சைலிட்டால் உயிரையே எடுக்கலாம்.

எவ்வளவு வேகம்? வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 விழுக்காடு. ராணிக்குத் தொடக்கத்தில் 380 முதல் 760 கிராம். வயதையும் மூட்டையும் நினைத்தால் கீழ் அளவே போதும், அப்படியென்றால் 27 கிலோவைத் தொட எட்டு மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். நீண்ட காலமாகத் தெரிகிறது. ஆனால் பலன் அவ்வளவு தூரத்தில் இல்லை: மூட்டுத் தேய்ந்த பருத்த நாய்களின் நொண்டல், உடல் எடை 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைந்ததுமே அளவிடத்தக்க வகையில் குறைவதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ராணிக்கு அது இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. உங்கள் முதல் இலக்காக 35.5 கிலோவை வைத்துக்கொள்ளுங்கள், 27ஐ இப்போது மறந்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே கிளினிக்கின் அதே தராசில் நிறுத்து, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதுங்கள். நிறுக்க மட்டும் வந்தால் பல கிளினிக்குகளில் காசு கேட்பதில்லை. ஒரு மாதம் எண் அசையாவிட்டால் முதலில் வீட்டில் யார் கை நீளுகிறது என்று பாருங்கள். யாரும் இல்லையென்றால் அளவை 5 முதல் 10 விழுக்காடு குறையுங்கள். வாரத்துக்கு 2 விழுக்காட்டைத் தாண்டிக் குறைந்தால் அளவைக் கூட்டுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

உடற்பயிற்சியைக் கடைசியில் வைத்திருப்பது மறதியால் அல்ல. எடை குறைவதில் அதன் பங்கு சிறியது. தசைக்கும் மனத்துக்கும்தான் அது தேவை. இதயப்புழு இல்லை, இதயம் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஐந்து நிமிட நடை, நாளுக்கு மூன்று நான்கு முறை, சமதரையில். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றும் வார் போடுங்கள், பருத்த நாயின் தொண்டைக்குழாய் இழுவையைத் தாங்காது. நடந்த மறுநாள் காலையில் எழச் சிரமப்பட்டால் முந்தைய நாள் அதிகம் என்று பொருள். சிரமமில்லாவிட்டால் வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம்.

நேரம் மிக முக்கியம். கோலாலம்பூரில் விடிவதே ஏழு மணி வாக்கில்தான், எட்டரைக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். ஆகவே விடியலை ஒட்டி ஒருமுறை, மற்றவை இருட்டிய பிறகு. நாய்க்கு உடல் முழுதும் வியர்க்காது, நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது அதுவும் சரியாக நடக்காது, கொழுப்புப் போர்வை வேறு. தார்ச் சாலையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அந்தச் சாலை ராணிக்கு இல்லை. நாக்கு அகன்று ஈறு செக்கச்சிவந்து தள்ளாடினால் உடனே நிழல், சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி விசிறி, பிறகு கிளினிக். புகைமூட்டக் காலத்தில் காற்றுக் குறியீடு 100ஐத் தாண்டினால் நடையை விட்டுவிட்டு வீட்டுக்குள் உணவு தேடும் விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செந்தூலில் அக்கம்பக்கம் எல்லா இனத்தாரும் இருக்கிறார்கள், நாயை அருகில் விரும்பாதவர்களும் இருப்பார்கள். குட்டை வார், கையில் பிளாஸ்டிக் பை, எதிரே ஆள் வந்தால் சாலையின் மறுபக்கம். மாநகராட்சியின் நாய் உரிமத்தையும் எடுத்துவிடுங்கள், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பையும் போட்டுவிடுங்கள். தடுப்பூசிகளில் லெப்டோவைத் தவறவிடாதீர்கள், எலி ஓடும் சாக்கடைகளிலிருந்து வரும் அந்த நோய் மனிதரையும் தாக்கும். பெர்லிஸ், கெடா, பினாங்கில் 2015இல் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது, சரவாக்கில் 2017இலிருந்து இருக்கிறது. அந்த ஊசியையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பட்டறைக்காரர்மீது புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம். 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி ஒரு விலங்கைத் தேவையின்றித் துன்பத்தில் வைத்திருப்பது குற்றம். 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். கால்நடைச் சேவைத் துறையிடம் போக வேண்டும். முதல் நாள் எடுத்த படங்கள், சங்கிலி, மருத்துவரின் எழுத்து அறிக்கை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் முதல் மாதம் உங்கள் சக்தியெல்லாம் ராணிக்கே வேண்டியிருக்கும்.

கருத்தடையும் பல் சுத்தமும் மயக்க மருந்தில் செய்ய வேண்டியவை. கர்ப்பப்பையில் சீழ் இல்லை, பல்லில் வலி இல்லை என்றால், எடை கொஞ்சம் குறைந்து இரத்த அளவுகள் சரியான பிறகு ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்யச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அதுவரை தெருவில் ஆண் நாய்கள் சுற்றும் நேரத்தில் அவளைத் தனியாக முற்றத்தில் விடாதீர்கள். கருத்தடைக்குப் பிறகு ஆற்றல் தேவை இன்னும் குறையும், உணவுக் கணக்கை அப்போது மறுபடி போட வேண்டும்.

அவள் படுத்துத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணும் பழக்கத்தை இன்றிரவே தொடங்குங்கள். 30க்குக் கீழே இருக்க வேண்டும். தூக்கத்தில் தொடர்ந்து அதைத் தாண்டினால், ஈறு வெளிறினால், வயிறு திடீரென உப்பி வாந்தி வராமல் ஓங்கரித்தால், காலைவரை காத்திருக்காமல் 24 மணி நேரக் கிளினிக்குக்கு ஓடுங்கள். அப்படிப்பட்ட கிளினிக் உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்று இந்த வாரமே விசாரித்து, எண்ணைக் கைத்தொலைபேசியில் ஏற்றிவையுங்கள். சீனப் புத்தாண்டு விடுமுறையில் சிறு கிளினிக்குகள் பல நாள்கணக்கில் மூடிக்கிடக்கும்.